நான்கு மாதக் கூலியும் ஒன்பது விதிகளும்: எங்கள் சேகர கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும் சேகர கமிட்டி அங்கத்தினர்களுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை, அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்து ஆராதனையில், பீடத்துக்கு முன்னிருக்கும் தடுப்பாகிய கிராதியண்டை முழங்காலிட வந்த ஒரு பெண்ணை நம் கமிட்டியைச் சேர்ந்த ஒருவர் கை காட்டி நிறுத்தினார். காதோடு காதாக ஏதோ சொன்னார். அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். எல்லாம் அரை நிமிஷம்கூட இருக்காது. பாட்டு நிற்கவில்லை, வரிசை குலையவில்லை, அதனால் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். நான் கவனித்தேன். வரிசையில் நான் அவருக்கு அடுத்த ஆள்.

அவர் யாரென்று உங்களுக்குத் தெரியும். 22 வருஷமாக நம் கோயிலைப் பெருக்கித் துடைக்கிறவர். பெயரை எழுத வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

முந்தின நாள் சனிக்கிழமை நமக்கு அசனப் பண்டிகை, சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற விருந்து. ஆட்டுக்கறியும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் கொதித்த குழம்பு வார்ப்புகள் ராத்திரி ஒன்பது மணிக்குக் காலியாயின. நாமெல்லாம் வீட்டுக்கும் கொஞ்சம் தூக்குச்சட்டியில் வாங்கிக்கொண்டு போய்விட்டோம். அக்காவும் அவர் தெருவிலிருந்து வந்த இன்னும் மூன்று பெண்களும் கிணற்றடியில் உட்கார்ந்து, அந்த வார்ப்புகளையும் அண்டாக்களையும் சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தார்கள். அடிப்பிடித்த பெரிய வார்ப்பைச் சாய்த்து வைத்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்துத்தான் தேய்க்க முடியும். முடிக்கும்போது ராத்திரி இரண்டு மணி. ஐந்தரை மணி ஆராதனைக்கு நாலரைக்கே கோயிலைத் திறந்து பெருக்க வேண்டும். நடுவில் வீட்டுக்குப் போய் வர அவருக்கு நேரம் இல்லை. வராந்தாவில் ஒரு சாக்கை விரித்துக் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தார். எழுந்து பெருக்கினார், பெஞ்சுகளைத் துடைத்தார், திருவிருந்து மேஜைக்கு வெள்ளை விரிப்பை எடுத்துக் கொடுத்தார், கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். கிராதிக்கு அவர் வந்தது கரி படிந்த அதே சேலையோடுதான்.

"வேலை உடுப்போட வரக் கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டிருக்குல்லா." அவரிடம் சொல்லப்பட்டது இதுதான். என் காதில் விழுந்தது. அக்கா உடனே கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அப்பம் வாங்குவதற்காக, இடது கை மேல் வலது கை வைத்து, அதற்கு முன்னமே நீட்டி வைத்திருந்த கைகள் அவை. சாம்பல் தின்று விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது.

அடுத்து நடந்ததையும் நான் எழுதியாக வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை. என் உள்ளங்கையில் அப்பம் வைக்கப்பட்டது, சாப்பிட்டேன். பாத்திரம் வந்தது, குடித்தேன். சில நிமிஷங்களுக்கு முன்னால்தான், உம்முடைய மேஜையின் கீழே விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரரல்ல என்று சபையார் எல்லாரும் ஒரே குரலில் ஜெபித்திருந்தோம். நாங்கள் யாருமே பாத்திரரல்ல, தகுதியுள்ளவர்கள் அல்ல என்று ஆண்டவரிடம் சொல்லிவிட்டு, ஒரே ஒருவரை மட்டும் திருப்பி அனுப்பினோம். அந்த வரிசையில் முழங்காலிட்டிருந்த எனக்கும் அதில் பங்கு உண்டு.

இதைக் கமிட்டியிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம், வெளியே எழுத வேண்டாம் என்று ஒரு பெரியவர் போனில் சொன்னார். அந்தச் சுற்றறிக்கை வந்த வாரமே செயலரைப் பார்த்துப் பேசினேன். அடுத்த மாதம் கடிதமாகவும் கொடுத்தேன். இரண்டுக்கும் பதில் இல்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

"பரிசுத்த ஒழுங்கு" என்று தலைப்புப் போட்ட அந்தச் சுற்றறிக்கை இப்போது என் முன்னால் இருக்கிறது. ஒன்பது விதிகள். திருவிருந்துக்குத் துவைத்துத் தேய்த்த வெள்ளை உடை. நகை கூடாது. வாலிபப் பெண்கள் துப்பட்டா இல்லாமல் வரக் கூடாது. பாடகர் குழுவில் சேலை மட்டும். செருப்பு, செல்போன், குழந்தைகளின் சத்தம் என்று மற்றவையும் இதே மாதிரிதான். நான்காவது விதியில் வேலை உடுப்பு வருகிறது. ஒன்பதையும் திரும்பத் திரும்பப் படித்தேன். கூலி பற்றி ஒரு வார்த்தை இல்லை. கந்துவட்டி பற்றி இல்லை. பல வருஷமாகப் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் பற்றி இல்லை. வீட்டில் பெண்டாட்டியை அடித்துவிட்டு வருகிற ஒருவர், தேய்த்த வெள்ளை வேட்டியோடு வந்தால் இந்த ஒன்பதிலும் தேறிவிடுவார். அக்கா தேறவில்லை.

சுற்றறிக்கையின் உச்சியில் எபிரெயர் 12:14 அச்சாகியிருக்கிறது: "பரிசுத்தமில்லாமல் ஒருவனும் கர்த்தரைத் தரிசிப்பதில்லையே." எழுப்புதல் கூட்ட மேடையிலும் இதே வரியைத்தான் பெரிய எழுத்தில் ஒளிரவிட்டோம். இது பாதி வசனம். "யாவரோடும் சமாதானமாயிருக்கவும், பரிசுத்தமுள்ளவர்களாயிருக்கவும் நாடுங்கள்" என்று அந்த வசனம் தொடங்குகிறது. எழுதியவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நாம் வெட்டிவிட்டோம்.

வெட்டிப் படிக்கிற பழக்கம் எனக்கும் இருந்தது. 31 வருஷம் ஓய்வுநாள் பாடசாலையில் பாடம் எடுத்தேன். லேவியராகமம் 19:2, "உங்கள் தேவனும் கர்த்தருமாகிய நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்பதை எத்தனை பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன்! இன்று உங்கள் கமிட்டியில் இருக்கிற இரண்டு பேர் அதை என்னிடம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள். அந்த வசனத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று நான் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. பரிசுத்தமாயிரு என்றால் பொய் சொல்லாதே, சினிமாவுக்குப் போகாதே, ஒழுங்காக உடுத்து என்று நானாக விளக்கம் கொடுத்தேன். கடவுளே அங்கே விளக்கம் கொடுத்திருக்கிறார். அதை விட்டுவிட்டேன்.

இப்போது அந்த அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள், ஐயா. தாய் தகப்பனுக்குப் பயந்திருப்பது வருகிறது. பிறகு வயல் வருகிறது. அறுக்கும்போது ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது. அப்புறம் கூலி. கூலிக்காரனுடைய கூலி "விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று 13-ஆம் வசனம் சொல்கிறது. விடியும் வரைகூட வைத்திருக்கக் கூடாது. செவிடனை நிந்திக்காதே, குருடனுக்கு முன்னே தடுக்கலை வைக்காதே. ஏழை என்றும் பெரியவன் என்றும் முகம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே. நம்மிடத்தில் அன்புகூருவதுபோலப் பிறனிடத்தில் அன்புகூர வேண்டும் என்ற கட்டளையும் இதே அதிகாரத்தின் 18-ஆம் வசனம்தான். கடைசியில் கடைத்தெருவுக்கே வந்துவிடுகிறார்: சுமுத்திரையான தராசு, சுமுத்திரையான நிறைகல், சுமுத்திரையான மரக்கால், சுமுத்திரையான படி. கள்ளமில்லாத, சரியான அளவு என்று அர்த்தம். உடுப்பைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது, இரண்டு வகை நூல் கலந்த துணியை உடுத்தாதே என்று. அதை இன்று நாம் யாரும் கைக்கொள்வதில்லை. பாலியெஸ்டர் கலக்காத வெள்ளைச் சட்டை நம் கோயிலில் எத்தனை இருக்கும்?

சுமுத்திரையான தராசு என்று படித்ததும் எனக்கு அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. உடன்குடிப் பக்கம் சின்னதாகக் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். கருப்பட்டி நிறுத்த தட்டில் பிசுக்கு ஒட்டும். ஒட்டினது அடுத்தவருக்கு நிறுக்கும்போது எடையோடு எடையாகச் சேர்ந்துவிடும். வாங்குகிறவருக்கு அந்த அளவு குறையும். ஒரு துண்டு ஈரத்துணியை மடித்துப் பக்கத்திலேயே வைத்திருப்பார். ஒவ்வொருவருக்கும் நிறுப்பதற்கு முன்னால் தட்டைத் துடைப்பார், வெறும் தட்டை ஒருமுறை தூக்கி முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பார், அதற்குப் பிறகுதான் கருப்பட்டியைக் கையில் எடுப்பார். கடையில் நாலு பேர் நின்றாலும் அப்படித்தான். சத்தம் போடுவார்கள். காது கொடுக்க மாட்டார்.

சனிக்கிழமை சாயந்தரம் விளக்கு வைப்பதற்குள், பனையேறிகளுக்கும் கடையில் வேலை பார்த்தவர்களுக்கும் கணக்கு முடித்துவிடுவார். ஒரு தடவை கையில் பணம் இல்லை. ஒரு பனையேறிக்கு முப்பதோ நாற்பதோ ரூபாய் பாக்கி நின்றுவிட்டது. மறுநாள் திருவிருந்து ஞாயிறு. அப்பா கோயிலுக்கு வந்தார், பாட்டுப் பாடினார், கிராதிக்குப் போகவில்லை. அம்மா ஏன் என்று கேட்டதற்கு, "அவன் வீட்ல இன்னிக்கு உலை வெச்சிருப்பானான்னு தெரியல" என்று மட்டும் சொன்னார். செவ்வாய்க்கிழமை எங்கேயோ புரட்டிக் கொடுத்துவிட்டார். அடுத்த மாதம் கிராதிக்குப் போனார். பரிசுத்தம் என்ற சொல்லை அவர் வாயால் நான் அதிகம் கேட்டதில்லை.

இங்கேதான் நம்முடைய நான்கு மாதக் கூலி வருகிறது. அக்காவுக்கு மாதச் சம்பளம் 3,500 ரூபாய். நாள் ஒன்றுக்குக் கணக்குப் போட்டால் 120 ரூபாய்கூட வராது. அதுவும் நான்கு மாதமாகக் கொடுக்கப்படவில்லை. மொத்தம் 14,000 ரூபாய். பண்டிகைச் செலவு முடியட்டும், பார்க்கலாம் என்று பொருளாளர் சொன்னதாக அக்கா சொன்னார். அதே பண்டிகைக் கணக்கில் எழுப்புதல் கூட்டத்துக்கு மூன்று ராத்திரி எல்இடி திரை வாடகை 42,000 ரூபாய் என்று ஆராதனையில் வாசித்தீர்கள். பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வரிசையில் அக்கா கடைசியில் இருந்தார், அவ்வளவுதான்.

பேரனுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும்போது அக்கா 10,000 ரூபாய் கடன் வாங்கினார். அஞ்சு வட்டி. மாதம் 500 ரூபாய் வட்டி மட்டும் கட்டுகிறார். கர்த்தருடைய வீட்டில் செய்த வேலைக்கு நாம் கொடுக்காமல் வைத்திருக்கும் கூலிக்கு, வட்டியை அவர் கட்டுகிறார். இத்தனைக்கும் சங்கக் காணிக்கையில் அவர் ஒரு மாதம்கூடப் பாக்கி வைத்ததில்லை. என்னிடம் ரசீதைக் காட்டினார்.

யாக்கோபு எழுதிய நிருபத்தில், அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி "கூக்குரலிடுகிறது" என்று வருகிறது. கூலி வாங்காதவன் சத்தம் போடுவதாக அங்கே முதலில் சொல்லப்படவில்லை. கூலியே சத்தம் போடுகிறது. அக்கா இதுவரை உங்களிடம் சத்தம் போட்டதில்லை.

வசனம் தெரியாமல் நீங்கள் இந்த ஒழுங்கைப் போட்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. திருவிருந்தை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள், போன் பார்த்துக்கொண்டே கிராதிக்கு வருகிறார்கள் என்ற உங்கள் வருத்தம் நியாயமானது. எனக்கும் அந்த வருத்தம் உண்டு. சுற்றறிக்கையின் அடியில் 1 கொரிந்தியர் 11:27-ஐக் காட்டி, அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறீர்கள். சரி, பவுல் அதை எதற்காக எழுதினார்? அதே அதிகாரத்தில் ஆறு வசனம் முன்னால் போனால் தெரியும். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று பவுல் கேட்கிறார். அபாத்திரம் என்ற எச்சரிப்பு, ஏழையை வெட்கப்படுத்தினவர்களுக்கு எழுதப்பட்டது. அதே வசனத்தை வைத்து ஒரு ஏழைப் பெண்ணை வெட்கப்படுத்தியிருக்கிறோம்.

இந்தக் குழப்பத்தில் நம் மொழிக்கும் கொஞ்சம் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். பரிசுத்தம் என்ற சொல்லுக்குள்ளேயே சுத்தம் இருக்கிறது. கேட்டவுடனே குளித்தது, துவைத்தது, தீட்டு இல்லாதது என்றுதான் நம் மனம் போகிறது. எபிரெயத்தில் இவை வேறு வேறு சொற்கள். பரிசுத்தத்துக்குக் கதோஷ், சுத்தத்துக்குத் தாகோர். கதோஷ் என்றால் கடவுளுக்கென்று பிரித்து வைக்கப்பட்டது. பிரித்து வைக்கப்பட்டது என்றவுடன் நம் ஊரில் இன்னொரு ஆபத்து வந்துவிடுகிறது. பிரிப்பது நமக்குக் கைவந்த கலை. யாரை எங்கே நிறுத்துவது, யார் கை பட்டதைத் தொடுவது என்று பல நூற்றாண்டாகப் பழகியவர்கள் நாம். கடவுளுக்காகப் பிரிக்கப்படுவதை மறந்துவிட்டு, மனுஷனிடமிருந்து பிரிந்து நிற்பதை எடுத்துக்கொண்டோம்.

உங்கள் சுற்றறிக்கையில் சாதி என்ற சொல் இல்லை. தெரியும். ஆனால் ஒவ்வொரு அசனத்துக்கும் வார்ப்பு தேய்க்க வருகிற நான்கு பேரும் ஏன் எப்போதும் ஒரே தெருவிலிருந்து வருகிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? வேலை உடுப்புக்குத் தடை என்று எழுதினால் அது யார் மேல் போய் விழும் என்று எழுதும்போதே தெரியாதா? 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் தென்னிந்திய சபைகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். சபைக்குள் சாதி வழக்கத்தை உடனே, அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது அது. தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே போனார்கள். அவர் பின்வாங்கவில்லை. வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோயிலுக்குள் இரண்டு சாதியாரையும் பிரித்து வைத்த ஏற்பாடு 1910-ல் இடிக்கப்பட்டது. அங்கேயும் சண்டைதான், வழக்குதான். சிலர் கோபித்துக்கொண்டு போவார்கள் என்று பயந்திருந்தால் இவை ஒன்றும் நடந்திருக்காது.

உடுப்பைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். என் அம்மாவின் ஊர் நாகர்கோவில் பக்கம். தோள்சீலைக் கதை அந்த வீட்டில் பாட்டிமார் சொல்லி வந்தது. தென் திருவிதாங்கூரில் ஞானஸ்நானம் பெற்ற பெண்கள் மேலாடை போட்டதற்காக நடுச்சந்தையில் அதைக் கிழித்தார்கள். 1822-லிருந்து திரும்பத் திரும்பக் கலவரம். 1859 ஜூலையில்தான் மேலாடை அணியலாம் என்று அரசு அறிவித்தது. அப்போதும், மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. நீ இந்த உடுப்போடு இங்கே நிற்கக் கூடாது என்று சொல்லக் கேட்டவர்களின் வம்சம் நாம். சபையை நம்பி, சபையிடம் வந்தவர்கள் அந்தப் பெண்கள். அவர்கள் கிழிந்த சீலையோடு ஜெபவீட்டுக்கு வந்திருந்தால் யாராவது வாசலில் நிறுத்தியிருப்பார்களா?

மோசேயின் நியாயப்பிரமாணத்தில் தீட்டு ஒட்டிக்கொள்ளும். தொட்டால் பரவும். பரிசுத்தம் அப்படி எளிதில் பரவாது. ஆகாய் தீர்க்கதரிசி ஆசாரியர்களிடம் கேட்ட கேள்வியும் அதுதான். பரிசுத்த மாம்சத்தை வஸ்திரத்தில் முடிந்துகொண்டு போகையில் அந்த வஸ்திரம் வேறொன்றைத் தொட்டால் அது பரிசுத்தமாகுமா? ஆகாது. தீட்டுப்பட்டவன் தொட்டால்? தீட்டுப்படும். இயேசுவிடம் இது தலைகீழாகிறது. குஷ்டரோகி வருகிறான். அவர் கையை நீட்டித் தொடுகிறார். அவருக்குத் தீட்டு ஒட்டவில்லை. அவனுக்குச் சுகம் ஒட்டுகிறது. 12 வருஷம் பெரும்பாடு என்ற உதிரப்போக்கால் ஒதுக்கி வைக்கப்பட்ட பெண் பின்னால் வந்து அவர் வஸ்திரத்தைத் தொடுகிறாள். யார் தொட்டது என்று கேட்டு அவளைக் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்து, மகளே என்று கூப்பிடுகிறார். நாம் அந்த மேஜையில் வைத்திருப்பது அவருடைய சரீரம் என்றால், அக்காவின் கரியால் அதற்கு என்ன ஆகிவிடும் என்று பயந்தோம்?

"என் சமீபத்தில் வராதே, உன்னைப்பார்க்கிலும் நான் பரிசுத்தன்" என்று ஒரு வாக்கியம் வேதத்தில் இருக்கிறது. ஏசாயா 65-ஆம் அதிகாரம், 5-ஆம் வசனம். அப்படிச் சொல்கிறவர்கள் மேல் கர்த்தர் கோபமாயிருக்கிறார்.

அன்றைக்கு ஆராதனை முடிந்து நான் கிணற்றடிக்குப் போனேன். அக்கா வார்ப்புகளைக் கவிழ்த்து வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா என்றேன். "விடுங்க டீச்சர். எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு, இப்படி வந்துட்டோமேன்னு" என்றார். ஐயா, எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. நம்மேல் கோபப்பட வேண்டியவர் தன்னையே அழுக்கு என்று நினைத்துக்கொண்டு நின்றார். அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நம் சுற்றறிக்கை.

அந்த வார்ப்புகள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. சகரியா தீர்க்கதரிசனத்தின் கடைசி வசனங்களை அப்போது நினைத்தேன். யாத்திராகமத்தில், பசும்பொன் பட்டத்தில் "கர்த்தருக்குப் பரிசுத்தம்" என்று வெட்டி, பிரதான ஆசாரியனுடைய நெற்றியில் கட்டச் சொல்லியிருக்கிறது. தேசத்தில் ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு நெற்றி. சகரியா காண்கிற நாளில் அதே எழுத்து குதிரைகளின் மணிகளில் இருக்கிறது. ஆலயத்துப் பானைகள் பலிபீடத்துக்கு முன்பாக இருக்கிற கலங்களைப் போலாகின்றன. அடுத்த வசனத்தில் எருசலேமிலும் யூதாவிலும் உள்ள சகல பானைகளும் பரிசுத்தமாகின்றன. அடுப்பங்கரைப் பானை எல்லாம். நம் கோயிலில் அந்தப் பானைகளைத் தேய்க்கிறவர் அக்கா. "உங்கள் நடக்கைகளெல்லாவற்றிலேயும் பரிசுத்தராயிருங்கள்" என்று பேதுரு எழுதியபோது அந்த எல்லாவற்றிலும் கிணற்றடியும் சேர்த்திதான், பொருளாளரின் கணக்கு நோட்டும் சேர்த்திதான்.

இனி நான் கேட்பவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

"பரிசுத்த ஒழுங்கு" சுற்றறிக்கையைத் திரும்பப் பெற வேண்டும். நான்காவது விதியை மட்டும் நீக்கிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உடையையோ நகையையோ காரணம் காட்டி ஞானஸ்நானம் பெற்ற எவரையும் கிராதியிலிருந்து திருப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை என்று சபையில் அறிவிக்க வேண்டும். திரும்பப் பெற்றதை அச்சிட்டு, முதல் சுற்றறிக்கை ஒட்டிய அதே பலகையில் ஒட்டுங்கள்.

அக்காவின் 14,000 ரூபாயை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் கொடுங்கள். இந்த மாதங்களில் அவர் கட்டிய வட்டியையும் சேர்த்துக் கொடுங்கள். நம் கடனுக்காகக் கட்டிய வட்டி அது. அசனத்துக்கு ராத்திரி இரண்டு மணி வரை தேய்த்த நான்கு பேருக்கும் தனிக் கூலி இன்னும் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அதையும் கொடுங்கள். இந்தப் பணத்துக்காகத் தனிக் காணிக்கை எடுக்க வேண்டாம். தர்மம் என்று அவர் கையில் போய்ச் சேரக் கூடாது.

இனிமேல் மாதம் முதல் தேதியே சம்பளம், வேலைக்கு ஏற்ற சம்பளம், கையெழுத்துப் போட்ட தாள். மாதக் கணக்கு வாசிக்கும்போது பணியாளர் கூலி முதல் வரியாக வாசிக்கப்பட வேண்டும், கொடுத்த தேதியோடு. கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில்குட்டியார், காவலாளி எல்லாருக்கும் இதே ஏற்பாடுதான். அடுத்த அசனத்தில் பாத்திரம் தேய்ப்பதைத் தெரு பார்த்து விடாமல், கமிட்டி முதலாக எல்லாரும் முறை வைத்துச் செய்வோம். என் பெயரை முதல் முறையில் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு, கிராதியில் கை காட்டி நிறுத்திய அண்ணன் அவர்களும், விதியை எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களும், குருவானவர் ஐயாவோடு அக்காவின் வீட்டுக்குப் போக வேண்டும். ஆள் விட்டு அவரைக் கூப்பிட்டு அனுப்பக் கூடாது. நீங்கள் போய், அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் கொடுக்கிற காப்பியைக் குடித்து, மன்னிப்புக் கேட்டு, திருவிருந்துக்கு வாருங்கள் என்று அழையுங்கள். பலிபீடத்தின் முன்னே காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாகு என்று சொன்னவர் நம் ஆண்டவர். நானும் கூட வருகிறேன். கேட்க வேண்டிய மன்னிப்பு எனக்கும் பாக்கி இருக்கிறது. கிணற்றடியில் கேட்டது போதாது.

அடுத்த திருவிருந்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் இவை நடக்காவிட்டால் நான் கிராதிக்கு வரமாட்டேன். கோயிலுக்கு வருவேன். கடைசி பெஞ்சில் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் சபையைச் சேர்ந்த,
ஓய்வுநாள் பாடசாலை முன்னாள் ஆசிரியை